அறத்துக்கு விலையுண்டா?

அறம் செய்யப்படுவது; விற்கப்படுவதன்று. இவ்வெண்ணம் தமிழ் மக்களிடையே மிகப் பழமையானது. ஆய் அண்டிரன் என்னும் வள்ளலைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இப்பிறப்பில் கொடுத்தது மறுபிறப்பில் பயனாகத் திரும்பும் என்று கணக்கிட்டுக் கொடுப்போரை அறத்தை விலைபேசும் வணிகராகவே கண்டார். ஆய் அத்தகையவன் அல்லன் என்பதையே அவனுக்குரிய பெரும் புகழாகவும் கூறினார். கொடையில் வாணிகம் கலந்தால் கொடை மாசுபடும் என்பது அப்புறப்பாட்டின் உட்கிடை.

அந்நோக்கில் பார்த்தால், திருக்கோணமலைத் துறைமுக நகரில் வாழும் நாம் அடிக்கடி காண்கின்ற ஒரு காட்சி ஐயத்துக்குரியதாகிறது. பாடசாலை மண்டபத்திலோ கோவில் முன்றிலிலோ நான்கு மேசைகள் இடப்படுகின்றன. அவற்றின் மேல் சோகியும் சிப்பியும் கோத்த மாலைகள், பாசிமணிக் கைச்சரங்கள், செப்புக் கம்பியை வளைத்துச் செய்த தோடுகள் முதலியன பரப்பப்படுகின்றன. அவற்றைச் செய்தவர்கள் நம் மாணவிகள், அவர்தம் தாய்மார், உப்புவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் வீட்டுவேலை முடிந்த பின்னர் விளக்கடியில் அமர்ந்து மணி கோக்கும் பெண்கள். விற்று வரும் பணம் நோயாளருக்குச் செல்கிறது; மஹரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் ஏழைக் குடும்பத்தின் வழிச் செலவுக்கு, அரச வைத்தியசாலையில் அவ்வேளை கிடையாத மருந்தொன்றுக்கு, குருதி சுத்திகரிப்புக்கு வாரந்தோறும் வந்து போகும் ஒருவரின் உணவுக்கு.

இது அறமா, வாணிகமா? இரண்டும் கலந்ததாயின், எது எதனைக் கெடுக்கிறது?

இம்முயற்சியை எதிர்ப்போர் இரு திறத்தினர். முதல் திறத்தினர், கொடுக்க விரும்புபவன் கொடுத்துவிட்டுப் போகட்டும், அவன் கையில் ஒரு மாலையைத் திணித்து, நோயாளியின் துயரத்தை அணிகலனாக மாற்றுவானேன் என்று கேட்பவர். இரண்டாம் திறத்தினர் நம் அணியைச் சேர்ந்த முற்போக்காளர். மருந்து கொடுப்பது அரசின் கடமை. அக்கடமையை மணிமாலை விற்று நாம் சுமந்தால், தவறியவன் தப்பிவிடுகிறான் என்பது அவர் வாதம். இரண்டையும் நாம் புறக்கணித்துவிட முடியாது.

முதலில், வாங்குபவனுக்கும் செய்பவளுக்கும் நடுவே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு மாலைக்கு மணியும் நூலுமாக 150 ரூபாய் செலவாகிறது என்றும், அதைக் கோக்க ஒரு பெண்ணுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கிறது என்றும், அது 500 ரூபாய்க்கு விலைபோகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 500 ரூபாயைக் கொடுத்தார். அந்த விலை பெறும் பொருளையும் பெற்றுக்கொண்டார். கணக்குச் சரியாகிவிட்டது. அவர் கொடையாளி அல்லர், வாடிக்கையாளரே. எஞ்சிய 350 ரூபாயைக் கொடுத்தவள், கூலி பெறாது மூன்று மணி நேரம் குனிந்திருந்த அந்தப் பெண். ஆயினும் விழா மேடையில் நன்றி கூறப்படுவது யாருக்கு? பத்து மாலைகளை ஒருசேர வாங்கிய பெரியவருக்கே. கோத்த விரல்களுக்குப் பெயரில்லை.

இங்கேதான் இம்முயற்சியின் நியாயமும் இருக்கிறது. பொன் உடையவர் பொன்னைக் கழற்றிக் கொடுக்கலாம். 1934 ஜனவரியில் மலபாரிலுள்ள வடகரையில், கௌமுதி என்னும் இளம்பெண் தான் அணிந்திருந்த நகைகளைக் கழற்றி அரிசன நிதிக்காகக் காந்தியடிகளிடம் கொடுத்தார். அவற்றுக்கு ஈடாக வேறு நகை கேட்கக் கூடாது என்று அடிகள் வற்புறுத்த, அப்பெண்ணும் உடன்பட்டார். அது துறவு, போற்றுதற்குரிய துறவு. ஆனால், கழற்றுவதற்கு ஒன்றுமில்லாத பெண் என்ன செய்வாள்? அவளிடம் உள்ளது உழைப்பு ஒன்றே. உழைப்பை நேரே நோயாளியின் வாயில் மருந்தாக ஊட்ட முடியாது. அது முதலில் பொருளாக வேண்டும், பொருள் பணமாக வேண்டும், பணம் மருந்தாக வேண்டும். ஏழைக்கும் கொடுக்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டால், விற்பனையையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயைப் பாடிய புலவர் கண்டித்தது கொடுத்ததன் பயனைத் தனக்கே மீட்டுக்கொள்ள எண்ணும் கணக்கை; மற்றவனுக்குக் கொடுப்பதற்காகத் தன் உழைப்பை விற்கும் பெண்ணை அன்று.

ஆகவே முதல் திறத்தினருக்கு நம் விடை இது: அறத்தை விற்பது வேறு, அறத்துக்காக விற்பது வேறு. ஆனால் இவ்விடையோடு நின்றுவிட முடியாது. யாருக்காக விற்கிறோம், எதைச் சொல்லி விற்கிறோம் என்னும் கேள்விகள் அடுத்து எழுகின்றன. இவற்றுக்கு நம் நாட்டின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

முதல் உலகப் போர் முடிந்த பின்னர், 1921 முதல், பிரித்தானியாவில் நவம்பர் 11ஆம் நாளை ஒட்டிச் செந்நிறப் பொப்பி மலர்கள் விற்கப்பட்டன. துணியாலும் காகிதத்தாலும் செய்த அம்மலர்களை உடுப்பில் குத்திக்கொள்வது வழக்கமாயிற்று. 1922இல் அதற்கென ஒரு தொழிற்சாலையே நிறுவப்பட்டு, போரில் ஊனமுற்ற வீரர்கள் அதில் மலர் செய்தனர். ஊனமுற்றவர் உழைத்து, ஊனமுற்றவருக்கே உதவி திரட்டிய அச்செயலை யாரும் பழிக்க மாட்டார். பழிக்கு இடமானது பின்னர் நடந்தது. குடியேற்ற நாடாகிய இலங்கையிலும் பொப்பி விற்கப்பட்டது; திரண்ட பணத்தின் பெரும்பகுதி கப்பலேறி ஏகாதிபத்தியத்தின் தலைநகருக்குச் சென்றது. அதே போரில் பங்குபற்றித் திரும்பி, வறுமையில் வாடிய இலங்கையருக்கு அதில் கிடைத்தது சொற்பமே.

இதைக் கண்டு 1931இல் ஏலியன் பெரேரா என்பவர், அதே நாளில் வேறொரு மலரை விற்கத் தொடங்கினார். சிங்களத்தில் அது சூரிய மல். அது சூரியகாந்தியன்று, நம் வேலியோரங்களில் மஞ்சளாய்ப் பூத்து மாலையில் சிவந்து வாடும் பூவரசம்பூவே. 1933இல் இளைஞர் பலர் சேர்ந்து அம்முயற்சியை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தனர். அதன் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டவர் டொரீன் யங் என்னும் ஆங்கிலப் பெண்மணி. அவர் ஒரு பாடசாலை ஆசிரியை என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் சற்றுப் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்து, பின்னர் 1952இல் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானவர் அவர்.

பூவரசம்பூவை வாங்கியோர் பெரும்பாலும் ஏழை மக்கள். எனவே திரண்ட பணமும் பெரிதன்று. பணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பொப்பியே வென்றது. ஆனால் அந்த மஞ்சள் மலர், அணிந்தவரையும் கண்டவரையும் ஒரு கேள்வி கேட்டது: யாருடைய துன்பத்துக்காக யாருடைய பணம் செல்கிறது? அந்தக் கேள்வியின் பெறுமதி உண்டியலில் விழுந்த சதங்களுக்குள் அடங்கவில்லை.

அடுத்த ஆண்டே அவ்வியக்கத்துக்குப் பெருஞ்சோதனை வந்தது. 1934இல் மழை பொய்த்தது. தென்மேற்கின் ஆறுகள் ஓட்டமிழந்து குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகியது. 1934இன் இறுதியிலும் 1935இலும் கேகாலை, குருணாகல் பகுதிகளை அக்காய்ச்சல் சூறையாடியது. நாடெங்கும் 80,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது குறைந்த மதிப்பீடு. பூ விற்ற இளைஞர்கள் மருந்துப் பெட்டியோடு கிராமங்களுக்குள் நுழைந்தனர். அங்கே அவர்கள் கண்டது காய்ச்சலை மட்டுமன்று, பசியையும். வெறும் கொயினாவால் எழுந்திருக்க வலுவில்லாத உடல்களுக்கு, மார்மைட் என்னும் சத்துச் சாற்றை உருண்டையாக உருட்டிக் கொடுத்தனர். பருப்பு விநியோகித்த என். எம். பெரேராவை மக்கள் பருப்பு மாத்தயா என்றே அழைத்தனர். நோய்க்கு வேர் வறுமை என்பது நூலில் படித்த கொள்கையாக இல்லாமல் கையால் தொட்ட உண்மையாயிற்று. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றோர் பலர் இப்பணியில் பழகியவர்களே.

இங்கே நம் மாவட்டத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தென்மேற்கு மக்கள் அதற்குமுன் அந்நோயை அதிகம் அறியாதவர்கள். அதனால் அவர்களிடையே அது பெருஞ்சாவாக வெடித்தது. கந்தளாய் போன்ற குளத்தை அண்டிய வரண்ட வலயத்து ஊர்களிலோ மலேரியா தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. ஆண்டுதோறும் சில பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போயிற்று. அதற்காக யாரும் பூ விற்கவில்லை. இரக்கத்தின் பெருங்குறை இது: திடீரென்று வீழ்ந்த இடியைக் கண்டு அது ஓடிவருகிறது; அன்றாடம் சொட்டும் நஞ்சைக் காண்பதில்லை. 1990களிலிருந்து வட மத்திய மாகாணத்தில் அறியப்பட்டு வரும், காரணம் இன்னும் உறுதியாகத் துணியப்படாத சிறுநீரக நோய், நம் மாவட்டத்தின் பதவிசிறிபுர விவசாயிகளையும் வாட்டுகிறது. அது மெல்லக் கொல்லும் நோய். மேடை போட்டு மாலை விற்பதற்கு ஏற்ற பரபரப்பு அதில் இல்லை.

மலேரியாவை இறுதியில் ஒழித்தது எது? இலங்கையில் பிறந்த கடைசி மலேரியாத் தொற்று 2012இல் பதிவாயிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. மருந்து தெளித்த தொழிலாளி, குருதி சோதித்த ஊழியர், ஒவ்வொரு காய்ச்சலையும் தேடிச் சென்று எழுதிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோரின் பல்லாண்டு உழைப்பு அதைச் செய்தது. அவர்களுக்குச் சம்பளம் வந்தது மக்களின் வரியிலிருந்து. வரி என்பது பெயர் பொறிக்கப்படாத கொடை. அதில் கொடுத்தவனும் தெரியான், பெற்றவனும் தெரியான். யாரும் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. 1951 முதல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டபோது இந்நாடு ஏற்றுக்கொண்ட அறம் அதுவே.

இரண்டாம் திறத்தினரின் வாதம் இங்கே வலுப்பெறுகிறது. அவர்களுக்குத் துணையாக அமெரிக்காவிலிருந்தும் ஒரு கதை உண்டு. 1990களின் தொடக்கத்தில், சார்லட் ஹேலி என்னும் 68 வயது மூதாட்டி, கலிபோர்னியாவில் தம் வீட்டு உணவு மேசையிலிருந்து இளஞ்செம்மஞ்சள் நிற நாடாக்களைத் தம் கையாலேயே செய்து வழங்கினார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் ஆகிய மூவரையும் மார்பகப் புற்றுநோய் தாக்கியிருந்தது. ஒவ்வொரு தொகுதி நாடாவோடும் அவர் ஓர் அட்டையை இணைத்தார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டொலர், அதில் நோய்த் தடுப்புக்குச் செல்வது 5 வீதம் மட்டுமே, இந்த நாடாவை அணிந்து சட்டமன்றத்தாரை விழிக்கச் செய்யுங்கள் என்பது அதன் பொருள். அவர் ஒரு சதமும் கேட்கவில்லை, கணக்குக் கேட்டார்.

1992இல் பெண்கள் சஞ்சிகையொன்றும் பெரிய அழகுப்பொருள் நிறுவனம் ஒன்றும் சேர்ந்து அவருடைய நாடாவைத் தம்முடையதாக்கிக்கொள்ள விரும்பின. வாணிக வாடை மிகுதி என்று அவர் மறுத்துவிட்டார். அவர்கள் நிறத்தை மாற்றினர். இளஞ்செம்மஞ்சள் இளஞ்சிவப்பாயிற்று, அந்த இளஞ்சிவப்பு உலகெங்கும் பரவியது, கோடிக்கணக்கான பணமும் திரட்டியது. ஆனால் அந்த அட்டை காணாமற் போயிற்று. தடுப்புக்கு ஏன் 5 வீதம் மட்டும் என்ற கேள்வியை அழகுப்பொருட் புட்டியின் மேல் யாரும் அச்சிடவில்லை. கேள்வியோடு பிறந்த அணிகலன் கேள்வியை இழந்து வெறும் அணிகலனாக முடிந்தது.

நம் மணிமாலைக்கு வரக்கூடிய ஆபத்தும் இதுதான். வாங்கியவர் கழுத்தில் அணிந்துகொண்டு, தம் கடமை தீர்ந்தது என்று வீடு திரும்பலாம். வருமான வரியை மறைப்பவரும் வாங்கலாம். தம் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு நோயுற்ற நாளில் சம்பளத்தை வெட்டுபவரும் வாங்கலாம். மாலை அவர்களை ஒன்றும் கேட்பதில்லை.

அவ்வாறாயின் விற்பனையை நிறுத்திவிடலாமா? 2022ஐ நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியது, மருந்துகள் தட்டுப்பட்டன, மார்ச் மாத இறுதியில் பேராதனை வைத்தியசாலை, உடனடியாகச் செய்ய வேண்டாத சத்திர சிகிச்சைகளை நிறுத்திவைத்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அரசு அறிவித்தது. வைத்தியர்களே வெளிநாட்டிலுள்ளோரிடம் மருந்து அனுப்புமாறு வேண்டினர். அந்த நாட்களில், இது அரசின் கடமை என்று சொல்லிக் கைகட்டி நின்றிருந்தால், நம் கொள்கை தூய்மையாக இருந்திருக்கும், நோயாளி இறந்திருப்பார். உரிமை நிலைநாட்டப்படும் வரை உயிர் காத்திருக்காது. உயிரைக் காப்பதற்காக உரிமையை மறந்துவிடவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்து நிற்பதே நம் முன்னுள்ள அறச் சிக்கல்.

இச்சிக்கலில் நாம் காணாது விட்ட இன்னொருவர் இருக்கிறார், அவர் நோயாளி. விற்பனை மேசையொன்றின் முன்னே நோயுற்ற ஒருவரின் படத்தைப் பெரிதாக்கி ஒட்டுவது என்று ஒருமுறை பேச்செழுந்தது. படம் இருந்தால் விற்பனை கூடும் என்பது உண்மை. அப்போது மணி கோத்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, தன் தாய்க்கு நோய் வந்தாலும் அவருடைய படத்தை இப்படித்தான் ஒட்டுவீர்களா என்று கேட்டாள். அவள் அதை எதிர்த்துப் பேசும் குரலில் கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். யாரும் விடை சொல்லவில்லை. படம் ஒட்டப்படவும் இல்லை. மருந்து பெறுவதற்காக ஒருவர் தம் மொட்டைத் தலையையும் மெலிந்த தோளையும் ஊருக்குக் காட்ட வேண்டுமென்றால், நாம் விற்பது மாலையையன்று, அவருடைய மானத்தை. அறத்தை விலைபேசுவது என்று பழம்புலவர் வெறுத்ததற்கு இன்றைய வடிவம் ஒன்று உண்டென்றால் அது இதுவே.

பொருளைப் பற்றியும் ஒரு சொல். கரையில் ஒதுங்கிய சிப்பியைப் பொறுக்குவது வேறு. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலைத் தீவின் பவளத்தை உடைத்து வருவது வேறு. அது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறமிருக்க, மீனவரின் நாளைய சோற்றை உடைத்து இன்றைய நோயாளிக்கு ஊட்டுவதாகும். அதுபோலவே, நம் மாலையின் விலை கடைத்தெருவின் விலைக்குக் கீழே இறங்கக் கூடாது. கூலியில்லா உழைப்பால் மலிவாக விற்று, அதே மணியைக் கோத்துப் பிள்ளைகளை வளர்க்கும் கைவினைப் பெண்ணின் வயிற்றில் அடிப்பது தருமமாகாது.

நம் இலக்கியத்தில் நோய்க்கும் பசிக்கும் எதிராகப் பாத்திரமேந்திய பெண் மணிமேகலை. அமுதசுரபியில் ஆதிரை இட்ட முதற் பிச்சை பெருகி, ஆனைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வருந்திய காயசண்டிகையின் துயர் தீர்த்தது. பலரும் கதையை இவ்வளவில் நிறுத்திவிடுகின்றனர். சாத்தனார் நிறுத்தவில்லை. சிறையில் கிடந்தோருக்கும் உணவூட்டிய மணிமேகலை, அரசன் அழைத்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, தனக்கென ஒன்றும் வேண்டவில்லை. பாத்திரத்துக்கு இன்னும் சோறும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டினாள். பாத்திரம் அவளை அரசவை வாயில்வரை கொண்டுவந்தது. அங்கே அவள் பேசியது நிறுவனத்தை மாற்றும் பேச்சு.

நம் பெண்கள் கோக்கும் மாலைக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. அதற்கு வேண்டியவை பெரியவையல்ல. மேசையின் மேல், திரண்ட பணமும் செலவான பணமும் எழுதிய கணக்கு யாவரும் காண இருக்கட்டும். கோத்தவரின் பெயர், அவர் விரும்பினால், மாலையோடு செல்லட்டும். நோயாளியின் பெயர் செல்ல வேண்டாம். ஒவ்வொரு மாலையோடும் ஓர் அட்டை இருக்கட்டும். எந்த மருந்துக்காக இம்மாலை விற்கப்படுகிறது, அம்மருந்து அரச வைத்தியசாலையில் எத்தனை நாளாக இல்லை, அதைக் கேட்க வேண்டிய இடம் எது என்பவை அதில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படட்டும். விற்பனை முடிந்த மறுநாள், அதே கேள்விகள் ஒப்பமிட்ட கடிதமாக மாகாண சுகாதார அதிகாரிகளிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் செல்லட்டும். விடை வராவிட்டால் அடுத்த விற்பனையின் அட்டையில் அதுவும் எழுதப்படட்டும்.

இவ்வாறு செய்தால் விற்பனை குறையும் என்று சிலர் அஞ்சலாம். குறையக்கூடும். பூவரசம்பூவும் பொப்பியை விடக் குறைவாகவே விற்றது.